விதை இல்லாத மஞ்சள்!

பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டுகிறோம். அந்த மஞ்சளுக்கு விதை உண்டா? யாராவது பார்த்தது உண்டா?

மஞ்சள் செடி பூக்கும். ஆனால், விதை பிடிப்பது மிக அபூர்வம். பிறகு எப்படிப் பல நூறு ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது? விவசாயியின் கைதான் அதைக் காப்பாற்றி வருகிறது!

குங்குமப்பூவும் அப்படித்தான்

குங்குமப்பூவின் கதையும் இதுவே. காஷ்மீரத்தில் பாம்பூரைச் சுற்றி அது விளைகிறது. ஐப்பசியில் ஊதா நிறத்தில் பூக்கும். ஒரு பூவுக்கு மூன்றே சிவப்பு இழைகள்! ஒரு கிலோ சேர்க்கச் சுமார் 1½ லட்சம் பூக்கள் வேண்டும். அத்தனை பூத்தும் விதை இல்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு, குட்டிக் கிழங்குகளை ஈனும். அவற்றைத் தோண்டிப் பிரித்து நடுகிறார்கள்.

அது குளிர் நாட்டுப் பயிர். வெயில் காயும் பவானிச் சீமைக்கு ஏற்றது மஞ்சள்தான்.

வாய்க்கால் பாசனத்தில்...

13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால், பவானிக்கு அருகில்தான் புறப்படுகிறது. அதன் பாசனத்தில் மஞ்சள் விளைகிறது. வைகாசி, ஆனியில் கிழங்கை ஊன்றுகிறார்கள். ஏக்கருக்குச் சுமார் 600 முதல் 800 கிலோ விதைக் கிழங்கு வேண்டும். குண்டு மஞ்சளையும் ஊன்றலாம். விரலி மஞ்சளையும் ஊன்றலாம். வயலில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

வெந்தால் முளைக்காது!

ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் அறுவடை. அப்போதுதான் விவசாயிக்குச் சோதனை!

சந்தைக்குப் போகும் மஞ்சளை வேகவைத்து உலர்த்த வேண்டும். வெந்த மஞ்சள் முளைக்காது. ஆகவே, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே விதைக்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். விலை ஏறிய ஆண்டில், 'இதையும் விற்றால் கடன் அடையுமே!' என்று மனம் அலைபாயும். விற்றுவிட்டால், அடுத்த நடவுக்கு விதையை விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

ஒதுக்கும் கிழங்கு நல்ல கிழங்காக இருக்க வேண்டும். நோய் கண்ட கிழங்கை வைத்தால், மறு வருஷம் நோயையே நட்டதாக ஆகும். நல்லதைப் பொறுக்கி, நிழலில் குவித்து, மஞ்சள் இலையால் மூடிக் காப்பார்கள்.

புது ரகங்கள்

விதை அபூர்வம் என்பதால் புது ரகம் காண்பதும் கடினம். பவானிசாகர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேறு வழி கண்டார்கள். ஈரோடு நாட்டு மஞ்சள் கிழங்கில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அதில் தேறியதைப் பெருக்கினார்கள். 1986இல் பி.எஸ்.ஆர். 1 ரகம் பிறந்தது. 1994இல் பி.எஸ்.ஆர். 2 வந்தது. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்று நம் வீட்டுக் குழம்பில் சேரும் மஞ்சள், என்றோ ஒரு விவசாயி விற்காமல் எடுத்து வைத்த கிழங்கின் வாரிசு!