சூளைக்குப் பக்கத்தில் ஒரு வீடு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் தயாராகும் ஃபியூஸ் கேரியர் பல கைகளைக் கடந்துதான் சூளைக்குப் போகிறது. அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் துண்டின் ஓரத்தில் பிதுங்கிய மண்ணைச் சுரண்ட வேண்டும், ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும், பலகையில் அடுக்கிக் காயவைக்க வேண்டும். பிறகு கிளேஸ் பூச்சு. அதன்பின் 1,200 டிகிரி அளவிலான சூடு. மூட்டிய சூளையை ராத்திரி ஆகிவிட்டதே என்று பாதியில் அணைக்க முடியாது. பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். அந்த ஆள் எங்கே குடியிருப்பது?

இந்தத் தொழிலுக்கான வெள்ளைக் களிமண் நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கிறது. அந்தச் சுரங்கத்தை நடத்தும், 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் ஊழியர்களுக்காக ஒரு நகரத்தையே கட்டியது. ஆனால் பத்து இருபது பேர் வேலை செய்யும் பீங்கான் பட்டறை முதலாளியிடம் குவார்ட்டர்ஸ் கட்டச் சொல்வது நடக்கிற காரியமா? தனியாளாக அவரால் முடியாது.

சட்டத்திலும் வழி குறுகலாகவே இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தேயிலைத் தோட்ட முதலாளி வீடு தந்தாக வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை.

முதலாளியே வீட்டுக்காரராகவும் இருப்பதில் ஆபத்தும் உண்டு. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் அறைகள் அதற்குச் சாட்சி. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் அந்த அறை தோட்டத்துக்குத்தான் சொந்தம். வேலை போனால் கூரையும் போய்விடும் என்ற அச்சத்தோடு கூலியை உயர்த்திக் கேட்பது எளிதா?

காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் வேறொரு வழி கண்டார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தது நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர். மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம். கட்டியது அரசு நிறுவனம், ஆள் கொண்டுவந்தது ஆலை. அறைக்கு ஆறு பேர் என்பது வீடு ஆகாதுதான். குடும்பத்தோடு வாழ நினைப்பவருக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் செலவையும் பொறுப்பையும் பிரித்துக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது.

2024 ஜூலையில் மத்திய பட்ஜெட்டும் அரசு–தனியார் கூட்டில் தொழிலாளர் வாடகைக் குடியிருப்புகளை அறிவித்தது. அதற்குப் பெரிய ஆலைகளின் உறுதிமொழியை எதிர்பார்க்கிறது அரசு. விருத்தாசலம் போன்ற ஊரில் அப்படி ஒரு பெரிய ஆலை இல்லை. சிறு பட்டறைகள்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து, “இத்தனை குடும்பங்களுக்கு இத்தனை ஆண்டுகள் வாடகைக்கு நாங்கள் பொறுப்பு” என்று எழுதிக் கொடுத்தால் அதையும் உறுதிமொழியாக ஏற்க வேண்டும். சாவி பட்டறைக்காரரிடம் இருக்கக் கூடாது. வேலை மாறினாலும் குடும்பம் அதே வீட்டில் நீடிக்க வேண்டும்.

பீங்கான் தொழிலை வளர்க்கத் திட்டம் தீட்டும்போது சூளைக்கும் இயந்திரத்துக்கும் கணக்குப் போடுகிறவர்கள், அதே தாளில் தொழிலாளர் வீட்டுக்கும் ஒரு வரி சேர்க்கட்டும்.