தானே நிமிரும் படகு
உயிர்காப்புப் படகொன்றின் மாதிரியுருவை அமைத்தலும் வர்ணந் தீட்டலும்

கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையே, கிழக்குக் கடலை நோக்கிக் கிடப்பது பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயிலாலும் அங்கு நிகழும் தீமிதிப்பாலும் பெயர்பெற்ற இவ்வூரின் கடலெல்லை திறந்த மணற்கரையாகும். இயற்கைத் துறைமுகம் எதுவும் இங்கில்லை. தோணியாயினும் வள்ளமாயினும் மணலிலிருந்து தள்ளி இறக்கப்பட்டு, கரையில் உடையும் அலைகளைக் கடந்தே ஆழ்கடலை அடைதல் வேண்டும். மீளும்போதும் அவ்வலைகளின் முதுகேறியே கரைசேர்தல் வேண்டும். மாரியில் வாடைக்காற்று வலுக்குங் காலத்து இப்பயணத்தின் மிக இடர்மிக்க பகுதி நடுக்கடலன்று. கரைக்கு முன்னுள்ள ஒரு நூறு பாகமேயாம்.

உயிர்காப்புப் படகு என்னும் கருவி பிறந்ததும் இத்தகைய கரையொன்றின் முன்னிலையிலேதான். 1789ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில், தைன் ஆற்றின் முகத்திலுள்ள மணற்றிட்டிலே ‘அட்வெஞ்சர்’ என்னும் கப்பல் சிக்கியது. மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராய்க் கடலில் வீழ்ந்து மாண்டதைச் சவுத் சீல்ட்சு நகரமாந்தர் கரையில் நின்று கண்டனர். அவர்களிடம் படகுகள் இருந்தன; அந்த அலையில் கவிழாது செல்லக்கூடிய படகுதான் இல்லை. அவ்வூர்க் கனவான்களின் கழகமொன்று, அத்தகைய படகிற்கு மாதிரியுரு அமைத்துக் காட்டுவோர்க்கு இரண்டு கினி பரிசளிப்பதாக அறிவித்தது.

போட்டிக்கு வந்தவர்களுள் வில்லியம் வுட்கேவ் என்பவர் தொழிலால் வர்ணம் பூசுபவர். பின்னாளில் தேவாலயமொன்றில் எழுத்தராகவும் பணிபுரிந்தார். வாளி நீரில் மிதந்த வளைந்த மரக்கலத் துண்டொன்று, எவ்வாறு புரட்டினும் மீண்டும் நிமிர்ந்ததைக் கண்டே அவர் தம் எண்ணத்தைப் பெற்றார் என்பர். தகரத்தாற் செய்த அவருடைய சிறு படகு, கவிழ்த்துவிட்டால் தானே நிமிர்ந்தது. நடுவர்களோ அவருக்குப் பரிசிற் பாதியாகிய ஒரு கினியையே அளிக்க முன்வந்தனர். அவர் அதை ஏற்க மறுத்துவிட்டார். வந்த கருத்துகள் பலவற்றையுந் தொகுத்து, படகுகட்டும் பொறுப்பு என்றி கிரேட்கெட் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘ஒறிஜினல்’ எனப் பெயரிடப்பட்ட அப்படகு 1790 சனவரியில் நீரிலிறங்கி நாற்பதாண்டுகள் உழைத்தது. கிரேட்கெட்டுக்கு நாடாளுமன்றம் 1802இல் 1,200 பவுண் வழங்கியது. வுட்கேவுக்குக் கிடைத்தது அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்ட படகுருவமே. அவர் செய்த தகர மாதிரியுரு சவுத் சீல்ட்சு அரும்பொருட்சாலையிற் பேணப்பட்டு வருகிறது.

இந்நிகழ்ச்சியை விரித்துரைத்தற்குக் காரணமுண்டு. மாதிரியுரு என்றதும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் அழகுப் பொருளே பலர்க்கும் நினைவில் எழுகின்றது. ஆயின் உயிர்காப்புப் படகின் வரலாற்றில் மாதிரியுரு என்பது ஒரு வினா: ‘இது கவிழ்ந்தால் நிமிருமா?’ என்பதே அது. 1849 திசம்பரில் அதே சவுத் சீல்ட்சில் உயிர்காப்புப் படகொன்று கவிழ்ந்து, அதிற் சென்ற 24 பேரில் 20 பேர் மாண்டபோது, நோதம்பலந்துக் கோமகன் 100 கினி பரிசறிவித்து அவ்வினாவையே மீளவும் எழுப்பினார். 280 மாதிரியுருக்களும் வரைபடங்களும் வந்து குவிந்தன. 1851இல் பரிசு பெற்ற சேம்சு பீச்சிங் அமைத்தது தானே நிமிரும் படகேயாம்.

படகு எவ்வாறு தானே நிமிரும்? நீரில் மிதக்கும் பொருளொன்றின் மீது இரண்டு விசைகள் தொழிற்படுகின்றன. அதன் நிறை ஈர்வை மையத்தினூடாகக் கீழ்நோக்கி இழுக்கும். நீரின் மிதப்புவிசை, அமிழ்ந்த பகுதியின் மையத்தினூடாக மேனோக்கித் தள்ளும். இரண்டும் ஒரே நேர்கோட்டிற் பொருந்தினாற் படகு அமைதி பெறும். சாதாரண வள்ளம் நிமிர்ந்த நிலையிலும் அமைதி பெறும். கவிழ்ந்த நிலையிலும் அமைதி பெறும். இரண்டாவது அமைதியே ஆபத்தானது. அதனைக் குலைத்தற்கு வழி, பாரத்தைப் படகின் அடியிலும் காற்றடைத்த அறைகளை அதன் உச்சியிலும் வைத்தலாகும். பீச்சிங் காலத்தில் அணியத்திலும் பின்னணியத்திலும் உயர்ந்த காற்றறைகள் அமைக்கப்பட்டன. படகு கவிழும்போது, பாரமான ஏரா வானத்தை நோக்க, படகு அவ்விரு அறைகளின் மேற் கூத்தாடியின் கோல்போல் நிற்கும். அந்நிலையில் நெடுநேரம் நிற்க அதனால் இயலாது. இக்காலப் படகுகளில் அவ்வறைகளின் வேலையை நீர்புகா மேற்கட்டே செய்கின்றது. கனத்த இயந்திரங்கள் அடியில் இருப்பதாற் படகு சில நொடிகளில் உருண்டு நிமிர்ந்துவிடும்.

இதனாற் சிக்கல் தீர்ந்துவிட்டதெனக் கருதுதல் தவறு. 1886 திசம்பரில் ‘மெக்சிக்கோ’ என்னும் கப்பலைக் காக்கச் சென்ற தானே நிமிரும் படகுகள் இரண்டு கவிழ்ந்து 27 படகோட்டிகள் இறந்தனர். அதன்பின், நிமிரும் படகைவிட எளிதிற் கவிழாத அகன்ற படகே சிறந்ததென்னும் கொள்கை வலுப்பெற்றது. அக்கொள்கையும் பின்னர் அடிபட்டது. 1969இல் லோங்கோப்பிலும் 1970இல் பிரேசர்பரோவிலும், நிமிராத வகைப் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின. அதற்குப் பின்னரே, உயிர்காப்புப் படகு எதுவாயினும் தானே நிமிர்தல் வேண்டும் என்பது உறுதியாயிற்று.

இனி, உறுப்புகளாகப் பெட்டியிலிட்டு விற்கப்படும் பெரிய அளவு மாதிரியுருவுக்கு வருவோம். பிரித்தானியாவில் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒருபங்கு அளவினவாய்க் கிடைக்கின்றன. கண்ணாடிநாரில் வார்த்த உடல், பிளாத்திக்குத் தகடுகளில் வெட்டிய மேற்றளமும் மேற்கட்டும், வெள்ளை உலோகத்தில் வார்த்த சிற்றுறுப்புகள், ஒரு வரைபடம் ஆகியவை உள்ளிருக்கும். இயந்திரம், மின்கலம், வானொலிக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தனியே வாங்குதல் வேண்டும். ‘திரென்ற்’ வகைப் படகை எடுத்துக்கொள்வோம். 1994 தொடக்கம் பணியிலுள்ள இவ்வகையின் நீளம் 14.26 மீற்றர், நிறை 27.5 தொன், வேகம் 25 கடல்மைல். பன்னிரண்டால் வகுத்தால் மாதிரியுருவின் நீளம் 1.19 மீற்றர். நிறையையும் பன்னிரண்டால் வகுப்பவர் ஏமாறுவார். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைதலின் 12 × 12 × 12, அதாவது 1,728ஆல் வகுத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் நிறை ஏறத்தாழ 16 கிலோகிராம். வேகமோ பன்னிரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் மூன்றரையால் மட்டுமே குறையும். ஆகவே மணிக்கு ஏழு கடல்மைல் அளவில் ஓடினால் மாதிரியுரு எழுப்பும் அலை, உண்மைப் படகின் அலையை ஒத்துத் தோன்றும். மனிதர் விரைந்து நடப்பதிலும் இது வேகமானது என்பதைக் குளக்கரையில் நின்று பின்தொடர முயல்வோர் உடனே உணர்வர்.

வேலை உடலிலிருந்து தொடங்குகின்றது. வார்ப்பச்சிலிருந்து எளிதிற் கழன்று வருதற்பொருட்டுப் பூசிய மெழுகு உடலின் மேற் படிந்திருக்கும். சவர்க்கார நீராற் கழுவி, நுண்ணிய அரத்தாளால் தேய்த்தாலன்றி அதன்மேல் எப்பூச்சும் ஒட்டாது. பின்னர்ச் சுழல்விசிறிகளின் தண்டுகள் செல்லும் குழாய்களும் சுக்கான்களும் பொருத்தப்படும். திரென்றின் விசிறிகள் அடித்தளத்துக் குழிவுகளுள் ஒதுங்கி, பக்க ஏராக்களாற் காக்கப்படுபவை. தரைதட்டும் படகிற்கு இது இன்றியமையாதது. இயந்திரங்களும் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தனவா என மேற்றளம் ஒட்டுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டியபின் கைவிரல் நுழைய இடமிராது.

வர்ணம் பூசுமுன் செய்யவேண்டிய ஒன்றைப் பலரும் மறந்துவிடுகின்றனர். மின்கலம், இயந்திரம், ஈயக்கட்டிகள் யாவற்றையும் உரிய இடங்களில் வைத்து, வெறும் உடலைத் தொட்டிநீரில் மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தல் வேண்டும். வரைபடத்து நீர்க்கோட்டோடு இக்கோடு பொருந்தாதாயின், குறை பாரத்தில் உள்ளது. வர்ணத்தாற் கோட்டை மேலுயர்த்தி அக்குறையை மறைப்பது தன்னையே ஏய்த்துக் கொள்வதாகும்.

வர்ணவகை எளிது: நீர்க்கோட்டின் கீழ்ச் சிவப்பு, அதன்மேற் கருநீலம், மேற்றள விளிம்பையொட்டிச் செந்நிறப் பட்டி, மேற்கட்டு முழுவதும் செம்மஞ்சள். செம்மஞ்சள் அழகுக்காகத் தெரிந்ததன்று. நுரைபொங்கும் சாம்பற்கடலில் வானிலிருந்தும் கண்ணுக்குப் படுவதற்காகத் தெரிந்தது. அந்நிறம் மெல்லியது, அடியிலுள்ளதை மறைக்கும் ஆற்றல் குறைந்தது. ஆகையாற் சாம்பல் அடிப்பூச்சின்மீது வெள்ளை பூசி, அதன்மேலேயே செம்மஞ்சளைத் தெளித்தல் வேண்டும். இரு நிறங்கள் சேருமிடத்தில் ஒட்டுநாடாவை இட்டு, அதன் ஓரத்தை நகத்தால் அழுத்தி, முதலில் முன்னைய நிறத்தையே ஒருமுறை மெல்லப் பூசினால், புதுநிறம் நாடாவின் அடியிற் கசியாது. ஈரப்பதன் மிக்க கடற்கரை ஊர்களில் மாரிநாளில் தெளித்த வர்ணம் பால்படிந்ததுபோல் வெளுத்துவிடும். வெயிலேறிய முற்பகலே இவ்வேலைக்குரிய பொழுது.

பூச்சின் கனத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். மேற்கட்டின் மீது புட்டியும் வர்ணமுமாக 300 கிராம் மிகையாகச் சேர்ந்ததெனக் கொள்வோம். 1,728ஆற் பெருக்கினால், உண்மைப் படகின் கூரையில் அரைத்தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றியதற்கு அது சமமாகும். நிமிர்தற்குரிய ஆற்றலை அவ்வளவும் தின்றுவிடும். எனவே மெல்லிய பூச்சுகள் பலவே நன்று. தடித்த பூச்சு ஒன்று எப்போதும் தீது. வுட்கேவ் வர்ணம் பூசும் தொழிலாளராயிருந்தும் தம் மாதிரியுருவைத் தகரத்திற் செய்ததை இவ்விடத்து நினைவுகூரலாம்.

இறுதிச் சோதனை, படகைக் கையாற் புரட்டிவிடுவதாகும். உண்மைப் படகுகளையும் பணிக்கு விடுமுன் பாரந்தூக்கியாற் கவிழ்த்துப் பார்ப்பர். மாதிரியுருவில் நேரமும் சுருங்கும். உண்மைப் படகு ஆறு நொடியில் நிமிருமாயின் மாதிரியுரு இரண்டு நொடிக்குள் நிமிர்தல் வேண்டும். மின்கலத்தை மாற்றுதற்பொருட்டு மேற்கட்டைக் கழற்றக்கூடியதாய் வைப்பதே வழக்கம். அம்மூட்டில் றப்பர்ப் பட்டி நன்கு பொருந்தாவிடின் நீர் உட்புகும். உட்புகுந்த நீர் காற்றின் இடத்தைக் கொள்ள, படகு வயிற்றை மேலே காட்டியபடியே கிடக்கும். மின்கலத்தை உறுதியாகக் கட்டாதுவிட்டாலும் அதே கதிதான். கவிழும்போது அது கூரையில் விழுந்து, அடியிலிருக்க வேண்டிய பாரத்தை உச்சிக்குக் கொண்டுசென்றுவிடும். அழகிய மாதிரியுருக்கள் பல இச்சோதனையிலே தோற்பன. இதனைக் கடலிற் செய்தல் ஆகாது: மூன்றடி அலை, இவ்வளவில் முப்பத்தாறடி அலையாகும். ஆழமான சீமெந்துத் தொட்டி ஒன்று போதும்.

இவ்வறிவு பாண்டிருப்புக் கரைக்கு எவ்வகையிற் பொருந்தும்? தமிழ்க் கடலோடிகள் இதே வினாவிற்கு வேறொரு விடை கண்டிருந்தனர். கட்டுமரம் நிமிர்வதில்லை, நிமிரவேண்டிய தேவையும் அதற்கில்லை. அதற்கு உள்ளிடம் இன்மையால் நீர் நிறையாது. மரமே மிதப்பாதலின் தாழாது. விழுந்தவர் மீண்டும் ஏறிக்கொள்வர். துறைமுகம் அமையுமுன் சென்னைக் கரையில் பயணிகளை ஏற்றிச்சென்ற மசூலாப் படகுகளின் அருகே, நீரில் வீழ்வோரைத் தூக்குதற்குக் கட்டுமரங்கள் உடன்சென்றன. அவற்றை அந்நாளைய உயிர்காப்புப் படகுகள் எனல் மிகையன்று.

இன்று நிலை வேறு. 2004 திசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேதான். இக்கரையின் தோணிகளும் வள்ளங்களும் அன்று சிதைந்தன. அதன்பின் வந்த படகுகளிற் பெரும்பாலானவை கண்ணாடிநாரால் ஆனவை. மரம் நீரினும் இலேசானது. றெசினில் தோய்த்த கண்ணாடிநாரோ நீரினுங் கனமானது. வெளியிணை இயந்திரமொன்றும் பின்னணியத்தில் தொங்குமாயின், நீர் நிறைந்த ‘பைபர்’ வள்ளத்தை மேலே நிறுத்துவது அதனுள் அடைத்த நுரைப்பொருள் மட்டுமே. அந்நுரை எவ்வளவு உள்ளது என்பதை மட்டும் கேட்டாற் போதாது. எங்கே உள்ளது என்பதையும் கேட்டல் வேண்டும். தரைப்பலகையின் கீழ் மாத்திரம் இருக்குமாயின், நீர் நிறைந்த வள்ளம் அந்நுரையை மேலே கொண்டுவரப் புரளும். புரண்டபின் பிடிப்பதற்கு வழுவழுப்பான அடியன்றி வேறொன்றுமிராது. அதே நுரையை இரு பக்க விளிம்புகளின் கீழே, உயரத்தில், நீளவாக்காகப் பரப்பி வைத்தால், நீர் நிறைந்த வள்ளம் நிமிர்ந்தபடியே தாழ மிதக்கும். உள்ளிருப்போர் இடுப்பளவு நீரிலேனும் அமர்ந்திருக்கலாம்.

இவ்வேறுபாட்டைக் காண்பதற்குக் கடல்கடந்து வரும் விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. கரையிற் கிடக்கும் வள்ளமொன்றை அளந்து, பன்னிரண்டில் ஒருபங்காகக் கண்ணாடிநாரில் ஈரடி நீளமுள்ள உடலொன்றை வார்த்து, இயந்திரத்திற்கு ஈடான ஈயத்தைப் பின்னணியத்தில் கட்டினாற் போதும். ஒரே அளவு நுரையை முதலில் தரையிலும், பின்னர் விளிம்பின் கீழும் வைத்து, இரண்டுமுறை நீர் நிரப்பிப் பார்க்கலாம். கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்துத் தொட்டி அதற்குத் தாராளம்.