அருஞ்சொல்லின் பகுதி

ஆங்கில அருஞ்சொற்களை நாளொன்றுக்கு இருபதாக நெட்டுருப் பண்ணும் வழக்கம் மாணவரிடையே மலிந்துள்ளது. தேர்வு முடிந்ததும் அவற்றுட் பெரும்பாலன மறந்துபோகின்றன. இதற்கு மாணவரின் மடி காரணமன்று. பகுதி அறியாது கற்பதே காரணம். பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை முதலியனவாகப் பிரித்தறியும் முறையை நன்னூல் நமக்குத் தந்துள்ளது. அம்முறையை ஆங்கிலத்துக்கும் ஏன் கொள்ளலாகாது?

‘பெனவலண்ட்’ என்னும் சொல்லை நோக்குக. ‘பெனே’ என்பது இலத்தீனில் ‘நன்றாக’ எனப் பொருள்படும். எஞ்சியது விரும்புதலைக் குறிக்கும் வினையடியிற் பிறந்தது. ஆகவே, பிறர்க்கு நலம் விழைகின்ற என்பது பொருள். முன்னுறுப்பைத் தீமை குறிக்கும் ‘மலே’ என மாற்றினால் ‘மலெவலண்ட்’, தீங்கு விழைகின்ற என்றாகும்.

தீவக மாணவர்க்கு இன்னுமொரு வாய்ப்புண்டு. ஊர்காவற்றுறையை வழங்கும் ‘கைட்ஸ்’ என்னும் பெயர், துறைமேடை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்ததென்பர். யானைகளைக் கப்பலேற்றிய துறை அது. துறைமேடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கீ’ அச்சொல்லுக்கு உறவு. மாணவர் அதனை எழுத்துப்படி ‘குவே’ என்று வாசிப்பதும், நாம் திருத்துவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை! நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தம் நகரொன்றின் பெயரைச் சூட்டி ‘டெல்ஃப்ட்’ என்றனர். அந்நகர்ப் பெயர் தோண்டிய வாய்க்காலைக் குறிப்பது. தோண்டுதல், ஆழ்ந்து ஆராய்தல் எனப் பொருள்படும் ‘டெல்வ்’ என்னும் ஆங்கில வினை அதே குடியினது. தன் ஊர்ப்பெயரில் உறையும் சொல்லை நெடுந்தீவுப் பிள்ளை எங்ஙனம் மறப்பான்? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் ‘ஹம்மன்ஹீல்’ கோட்டையின் பெயரிலோ, பன்றித்தொடையைச் சுட்டும் ‘ஹாமு’ம், குதிக்காலைச் சுட்டும் ‘ஹீலு’ம் ஒருங்கே நிற்கின்றன.

நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்தனவும் உள. கட்டுமரமும் சுருட்டும் அவ்வகராதியிற் குடியேறி நெடுங்காலமாயிற்று.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் உரோமாபுரியிற் பயின்றவர், பன்மொழி வல்லுநர். 1952 இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கித் தமிழின் பெருமையைப் பிறநாட்டறிஞர்க்கு அவர்களறிந்த மொழியிலேயே உணர்த்தினார். பட்டியலை உருப்போட்ட ஆங்கிலம் அப்பணிக்குப் போதாது.

என் வகுப்பில் இருபது சொற்களைக் கேட்பதில்லை. கிழமைக்கு ஒரு சொல், அதன் பகுதி, அப்பகுதியிற் பிறந்த வேறு நான்கு சொற்கள். அவ்வளவே வீட்டுவேலை.