படைவீரர் மறைந்த பிறகு

நம் நாட்டில் பல கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் படையில் சேர்ந்திருக்கிறார். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற மாநிலங்களில் இத்தகைய ஊர்கள் ஏராளம். தெற்கிலும் உண்டு. இளமையில் படைக்குப் போனவர் ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார். நிலத்தைப் பார்க்கிறார். பிள்ளைகளை வளர்க்கிறார். ஒருநாள் முதுமையில் கண் மூடுகிறார்.

அதன் பிறகு அவர் மனைவி என்ன செய்ய வேண்டும்? யாரிடம் போக வேண்டும்? என்ன கிடைக்கும்? இவை தெரியாததால் பல பெண்கள் மாதக் கணக்கில் அலைகிறார்கள். உரிய பணம் கையில் வராமல் கடன் வாங்குகிறார்கள். தெரிந்துகொண்டால் இந்தத் துன்பத்தைத் தவிர்க்கலாம்.

இறுதி மரியாதை

போரில் உயிர் துறந்த வீரருக்கு ராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கிறது. சவப்பெட்டியின் மேல் தேசியக் கொடி போர்த்தப்படுகிறது. கொடியின் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பார்கள். ஊதுகுழல் ஒலிக்கும். கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது. சிதையில் எரிக்கவும் கூடாது. அதற்கு முன்பே எடுத்து மடித்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் போரில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவருவது அரிது. போர்முனைக்கு அருகிலேயே தகனம் செய்வார்கள். வீட்டுக்குச் செய்தி வரும். அவருடைய பொருள்கள் வரும். 1962ஆம் ஆண்டு லடாக்கில் ரேசாங் லா என்ற இடத்தில் கடும் போர் நடந்தது. அதில் குமாவுன் படைப்பிரிவைச் சேர்ந்த 100க்கும் மேற்பட்ட வீரர்கள் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹரியானாப் பகுதிக் கிராமத்தவர். பனி மூடியதால் உடல்கள் மூன்று மாதம் கழித்தே கிடைத்தன. அங்கேயே தகனம் நடந்தது. 1999ஆம் ஆண்டு கார்கில் போரில்தான் வீரர்களின் உடல்கள் பரவலாக அவரவர் ஊருக்கு அனுப்பப்பட்டன. ஊரே கூடி வழியனுப்பியது.

ஓய்வு பெற்று வீட்டில் இறப்பவர் எல்லோருக்கும் அணிவகுப்பு நடப்பதில்லை. ஆனாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடனே செய்தி சொல்ல வேண்டும். வடமாநிலங்களில் இதை ஜில்லா சைனிக் அலுவலகம் என்பார்கள். அவர்கள் மலர்வளையம் வைத்து மரியாதை செய்ய ஏற்பாடு செய்யலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ராணுவ மரியாதையோ அரசு மரியாதையோ இல்லாத சடங்கில் குடும்பத்தார் தாமாகவே தேசியக் கொடியைப் போர்த்தக் கூடாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்கிறது.

குடும்ப ஓய்வூதியம்

ஓய்வூதியம் வாங்கி வந்த வீரர் இறந்தால், மறுநாள் முதல் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இது யாரும் போடும் பிச்சை அல்ல. அவர் பட்ட பாட்டுக்கான உரிமை. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். அதற்கு மேல் அகவிலைப்படியும் சேரும். வீரர் 67 வயதுக்கு முன் இறந்தால் சில காலம் கூடுதல் தொகை கிடைக்கும். பணியின் காரணமாக இறந்திருந்தால் 60 சதவீதம். போரில் இறந்திருந்தால் கடைசிச் சம்பளம் முழுவதும்.

மனைவி இல்லையென்றால் 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்கும். உழைக்க முடியாத ஊனமுற்ற பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்க வழி உண்டு.

முதலில் செய்ய வேண்டியவை

1. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். காலம் கடந்தால் கட்டணமும் அலைச்சலும் கூடும். இறப்புச் சான்றிதழில் பல பிரதிகள் வாங்கி வையுங்கள்.

2. ஓய்வூதியம் வரும் வங்கிக்குச் சொல்லுங்கள். இறந்த பிறகு அவர் பெயரில் ஓய்வூதியம் வந்தால் அதை எடுக்காதீர்கள். பின்னால் திருப்பிக் கட்ட நேரிடும்.

3. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். விண்ணப்பம் எழுத அங்கே உதவுவார்கள். அதற்குப் பணம் கிடையாது. இடைத்தரகரிடம் காசு கொடுக்காதீர்கள்.

4. ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

2021ஆம் ஆண்டு முதல் படைவீரர் ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறைக்கு மாற்றப்பட்டு வந்தது. தொலைபேசியில் யாராவது பேசி, ரகசிய எண்ணைக் கேட்டால் சொல்லாதீர்கள். அது ஏமாற்று வேலை.

பெயரில் வரும் சிக்கல்

பெரிய தொல்லை பெயரில்தான் வருகிறது. படையில் சேரும்போது அவருக்குத் திருமணம் ஆகியிருக்காது. பிறகு கல்யாணம் செய்திருப்பார். மனைவி பெயரைப் படைப்பிரிவின் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டிருப்பார். அல்லது எழுத்தர் தவறாக எழுதியிருப்பார். பதிவேட்டில் ‘ராம் தேவி’ என்று இருக்கும். ஆதாரில் ‘ராமா தேவி’ என்று இருக்கும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்தால் பணம் நின்றுபோகும்.

கணவர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது. அவர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால் போதும். அவர் மறைந்த பிறகு, தான்தான் அவர் மனைவி என்று அந்தப் பெண் நிரூபிக்க வேண்டும். துக்கத்தோடு அலைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இன்றே ஓய்வூதிய ஆணையை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படியுங்கள். மனைவி பெயர் இருக்கிறதா? சரியாக இருக்கிறதா? பிறந்த தேதி பொருந்துகிறதா? கணவனும் மனைவியும் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்வதும் நல்லது. குடும்ப ஓய்வூதியம் அதே கணக்கில் வரலாம்.

மற்ற உதவிகள்

குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சிகிச்சை பெறலாம். இத்திட்டம் 2003ஆம் ஆண்டு தொடங்கியது. ராணுவக் கேன்டீன் அட்டையும் அவர் பெயருக்கு மாற்றித் தரப்படும்.

சில வீரர்கள் ஓய்வூதியம் இல்லாமலே படையை விட்டு வந்தவர்கள். அவர்களிலும் அவர்களுடைய விதவைகளிலும் 65 வயதைக் கடந்த ஏழைகளுக்கு மத்திய சைனிக் வாரியம் உதவித்தொகை தருகிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் உதவி உண்டு. இவற்றுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி மக்கள் கொடுப்பது. 1949ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாள் நடக்கிறது. அன்று சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு நாம் போடும் காசு இந்தக் குடும்பங்களுக்கே போகிறது.

நினைவில் வாழ்பவர்கள்

வீரருக்குக் கல் நடுவது நம் நாட்டின் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் அது நடுகல். கர்நாடகத்தில் வீரக்கல். குஜராத்தில் பாலியா. வடக்கே சில ஊர்களில் முதல் உலகப் போரின் கல்வெட்டுகள் உண்டு. இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அவற்றில் எழுதியிருக்கும்.

நாகாலாந்தின் கோஹிமாவில் இரண்டாம் உலகப் போரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு.

டெல்லியில் இந்தியா கேட் 1931இல் திறக்கப்பட்டது. அங்கே 1972இல் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. அதன் அருகே 2019 பிப்ரவரி 25இல் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் உயிர் கொடுத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 2022இல் பழைய ஜோதி இங்குள்ள ஜோதியோடு சேர்க்கப்பட்டது. பெரிய அதிகாரி, சாதாரணச் சிப்பாய் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாப் பெயரும் ஒரே அளவில் இருக்கின்றன.

கல்லில் பெயர் பொறிப்பது நாட்டின் கடமை. பதிவேட்டில் மனைவியின் பெயர் சரியாக இருக்கப் பார்ப்பது வீட்டின் கடமை. இரண்டும் வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் எத்தனை?

அவர்களில் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காத பெண்கள் இருக்கிறார்களா?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது? அங்கே போக அவர்களுக்கு யார் துணை செல்லலாம்?