4294967297: டெஸ்டில் பாஸ், ஆனால் பகா எண் இல்லை

32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. புரோகிராம் எழுதுபவர்கள் பலருக்கு இது மனப்பாடம். அதோடு 2 கூட்டினால் 4294967297, அதாவது 2³² + 1. இந்தப் பதிவு அந்த எண்ணைப் பற்றியது.

பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640-ல் ஒரு வரிசையைக் கவனித்தார். 2-க்கு அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், விடையோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். வரிசையில் அடுத்தது நம்ம 4294967297.

1732-ல் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும் என்று பிற்பாடு அவரே நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது!

கால்குலேட்டர் இல்லாமலே சரிபார்க்கலாம்:

- 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1.
- நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-க்கு மீதி 1.
- 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம்.
- இப்போது −2³²-க்கு மீதி 1. ஆக, 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும்.

இன்னொரு வேடிக்கை. பகா எண்ணைச் சோதிக்க ஃபெர்மா பெயரிலேயே ஒரு டெஸ்ட் உண்டு. 2-க்கு, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைத்து அடுக்காகப் போட்டு, அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் மீதி 1 வரும். 4294967297-க்கும் 1 வருகிறது! ஏன்னா 2³²-க்கு மீதி −1, அப்போ 2⁶⁴-க்கு மீதி 1. நாம் போடும் அடுக்கான 4294967296, 64-ன் மடங்கு. ஃபெர்மா வரிசையில் எல்லா எண்ணுமே இதே காரணத்தால் பாஸ் ஆகிவிடும். அதனால் இங்கே இந்த டெஸ்டால் பிரயோஜனமே இல்லை. 2-க்குப் பதில் 3 போட்டு, 32 தடவை வர்க்கப்படுத்தினால் மீதி 1 வராது, குட்டு உடைந்துவிடும். டெஸ்ட் பாஸ் ஆனால் மட்டும் போதாது, தப்பு இருந்தால் அது ஃபெயில் ஆகுமா என்றும் பார்க்கணும்.

65537-க்கு மேல் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. அடுத்த எண் 18446744073709551617. 256-ன் மடங்கோடு 1 கூட்டிக்கொண்டே வகுத்துப் பாருங்கள். 1071-வது முயற்சியில் 274177 கிடைக்கும். 64 பிட்டில் இந்த எண் அடங்காது என்பதை மட்டும் மறந்துடாதீங்க.