கடலுக்கடியில் கிடக்கும் பழைய கரை

ஜீவனஹள்ளியில் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. ஓய்வு பெற்றதும் வரும் பணத்தில் ஊர்ப் பக்கம், கடல் காற்று வீசும் இடத்தில், ஒரு மனை வாங்கிப் போட வேண்டும் என்பது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் இருந்துகொண்டு கடலைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று தோன்றலாம். ஆனால் கடல் ஓரிடத்தில் நிற்பதல்ல.

நடந்தே யாழ்ப்பாணம்!

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனி யுகம் உச்சத்தில் இருந்தது. ஏராளமான தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து கிடந்ததால், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் ஜலசந்தியின் ஆழமோ பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். அன்று கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம்! பிறகு பனி உருகியது, கடல் ஏறியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இன்றைய மட்டத்தை எட்டியது.

இதற்குச் சாட்சி மும்பைக்கு அப்பால் கடலடியில் இருக்கிறது. கரையோரம் ஆறுகள் கொண்டு வந்த சேறு. அதைத் தாண்டி ஆழத்துக்குப் போனால் மணல்! அதில் மீன் சினை போன்ற உருண்டையான சுண்ணாம்பு மணிகள் கலந்திருக்கின்றன. அலையடிக்கும் ஆழமற்ற கடலில்தான் இவை உருவாகும். இன்று இவை கிடப்பதோ 60 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில். ஆக, அது ஒரு காலத்துக் கரையோரம். கடல் ஏறியபோது ஆற்றுச் சேறு கரையருகிலேயே தங்கிவிட, பழைய மணல் மூடப்படாமல் கிடக்கிறது.

வட துருவக் கடலில் கதை இன்னும் கடுமை. சைபீரியாவை ஒட்டிய கடலடி அன்று உறைந்த தரை. கடல் மூடிய பின்னும் பல இடங்களில் அந்த மண் இன்றும் உறைந்தே கிடக்கிறது. பாரென்ட்ஸ் கடலில் பனிப்பாளமே தரையை அரைத்தது. மிதந்து போன பனிமலைகள் கடலடியை ஏர் உழுதது போல் கீறின. உருகும்போது, சுமந்து வந்த கற்களை நடுக்கடலில் போட்டன. வட துருவப் பகுதியை ஆராய இந்தியாவும் 2008-ல் ஸ்வால்பார்டில் 'ஹிமாத்ரி' நிலையத்தை அமைத்தது.

மனை வாங்கும் முன்...

இப்போது கடல் மீண்டும் ஏறுகிறது. உலக சராசரி ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர். சிறிய அளவுதான். ஆனால் கரையைக் காக்கும் மண்ணும் குறைகிறது. பெங்களூரில் நாம் குடிக்கும் காவிரி, கடலுக்குக் கொண்டு போக வேண்டிய வண்டலை அணைகளில் விட்டுவிட்டுப் போகிறது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. புது மண் வராத கழிமுகத்தில் கடல் உள்ளே வருவது எளிது.

ஆகவே, மனை பார்க்கப் போகும்போது பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அங்குள்ள வயதான மீனவர் ஒருவரிடம், "ஐயா, உங்கள் சிறு வயதில் கரை எங்கே இருந்தது?" என்றும் கேளுங்கள்.