நூற்பட்டியலில் எந்தச் சொல்லால் தேடுவது?

நூலக அறிவியல் படிப்பில் 'தகவல் எழுத்தறிவு' என்றொரு பாடம் உண்டு. தேவையான தகவலைக் கண்டடைவது, அது நம்பத்தக்கதா என மதிப்பிடுவது, நேர்மையாகப் பயன்படுத்துவது ஆகியவை அதன் உள்ளடக்கம். வகுப்பறையில் பல நேரம் இது கணினியில் எதை அழுத்துவது என்ற பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது.

ஒரு மாணவர் நூற்பட்டியலில் 'தலித்' என்று தேடுகிறார் என்று வையுங்கள். கிடைப்பவை பெரிதும் 1990களுக்குப் பிந்தையவையாக இருக்கும். அதற்கு முன் நாம் எழுதவே இல்லையா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அன்று 'தலித்' என்ற சொல் இங்கே புழங்கவில்லை. அரசுக் கோப்புகளில் 'பஞ்சமர்', 1922க்குப் பின் 'ஆதி திராவிடர்', காந்தி வைத்த 'அரிஜன்', 1935 சட்டத்தின் 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. (இவற்றில் நாமே விரும்பி ஏற்றவை எத்தனை என்பது தனிக் கதை.) பெயர்களின் இந்த வரலாறு தெரியாதவருக்கு நூறாண்டு எழுத்து கண்ணில் படாது.

பட்டியலில் இல்லை என்பதாலேயே எழுதப்படவில்லை என்றாகாது. அயோத்திதாசரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பரவலாகக் கைக்கு வந்தது 1999இல்தான். பழைய இதழ் கிடைக்காதபோது, காலனி அரசு தயாரித்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகளில் அதன் ஆங்கிலச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அது அரசு தன் கவலைக்கேற்பப் பொறுக்கியெடுத்தது. அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

அடுத்தது மதிப்பீடு. வெளியிட்டவர் யார், வல்லுநர் பரிசீலித்தாரா என்று ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுப்பார்கள். 1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அழைத்துவிட்டுப் பின்வாங்க, நிகழ்த்தப்படாத உரையை அம்பேத்கர் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 'சாதி ஒழிப்பு' அந்தக் கேள்விப்பட்டியலில் என்ன மதிப்பெண் வாங்கும்? அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2016இல் ஏற்ற சட்டகம், அதிகாரம் என்பது கட்டமைக்கப்படுவது, சூழலைச் சார்ந்தது என்கிறது. நம் பாடத்திட்டத்தில் அந்த வரியைச் சேர்த்தால் மட்டும் போதாது, இந்த நூலையும் வைத்து விவாதிக்க வேண்டும்.

தேர்வில் இப்படி ஒரு வினா கேட்கலாம்: ஒரே மக்களைப் பற்றிய எழுத்தை 1895, 1925, 1955, 1995 ஆகிய ஆண்டுகளில் எந்தெந்தச் சொற்களால் தேடுவீர்கள்? விடை எழுத மாணவர் கொஞ்சம் வரலாறு படித்தாக வேண்டும். திருத்துகிற ஆசிரியரும்தான்.